சிடி பிளேயர் வாங்கப் போறீங்களா? சவுண்டையும் மதிப்பையும் எடை போட முழு வழிகாட்டி

சிடி பிளேயர் வாங்கணும்னு கிளம்புறவங்க முதல்ல கேக்குறது "சவுண்டு எப்படி இருக்கும்?"னுதான். நான் அந்தக் கேள்வியை கடைசிக்குத் தள்ளிடுவேன். ஏன்னா ஒழுங்கா வேலை செய்யுற ரெண்டு பிளேயருக்கு நடுவுல சவுண்டு வித்தியாசம் ரொம்பக் கம்மி, ஆனா ஒழுங்கா வேலை செய்யுதாங்கிறதுல வித்தியாசம் மலையளவு. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ஸ்பீக்கர் எல்லாம் முப்பது வருஷம் சும்மா ஓடும். சிடி பிளேயர்ல மட்டும் தேஞ்சு போற சாமான் இருக்கு, லேசர், மோட்டார், பல்சக்கரம், ரப்பர் பெல்ட். அதனால மதிப்புங்கிறது முக்கால்வாசி மெக்கானிசத்துல இருக்கு, மீதிதான் சிப்பு, சர்க்யூட்டு எல்லாம். பழசு வாங்குறவங்களை மனசுல வச்சுதான் எழுதுறேன், ஆனா புதுசுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல்ல கையில என்னென்ன டிஸ்க் எடுத்துட்டுப் போகணும்

வெறும் கையோட போனா விக்கிறவர் அவர்கிட்ட இருக்குற நல்ல டிஸ்க்கை போட்டுக் காட்டுவார், அது பாடத்தான் செய்யும். நீங்களே ஒரு சின்ன கட்டு ரெடி பண்ணிக்கங்க.

ஒண்ணு, உங்களுக்கு அக்குவேறா ஆணிவேறா தெரிஞ்ச ஆல்பம், ஒரிஜினல் கம்பெனி சிடி. ரெண்டாவது, 75 நிமிஷத்துக்கு மேல ஓடுற நீளமான டிஸ்க், இது ரொம்ப முக்கியம், ஏன்னு கீழ சொல்றேன். மூணாவது, நீங்களே ரைட் பண்ணின சிடி-ஆர், அதுல இடது வலது ரெண்டு சேனல்லயும் ஒரே அளவு வர்ற மாதிரி ஒரு 400 ஹெர்ட்ஸ் டோன், அப்புறம் மெதுவா மங்கி மறையுற பியானோ மாதிரி ஏதாவது ஒரு டிராக். நாலாவது, தூக்கிப் போட வேண்டிய நிலையில இருக்குற பழைய டிஸ்க் ஒண்ணு, கூடவே ஒயிட்போர்டு மார்க்கர், கருப்பு மட்டும், ரெண்டும் கீழ வர்ற கீறல் சோதனைக்கு. ஏன் கருப்புன்னா, சிடி லேசர் 780 நானோமீட்டர், அதாவது அகச்சிவப்பு, நீலம் சிவப்பு மையெல்லாம் நம்ம கண்ணுக்குத்தான் தடையா தெரியும், லேசர் அது வழியா சுலபமா பூந்து போயிடலாம்.

இது போக ஒரு ஹெட்ஃபோன், முடிஞ்சா ஒரு மல்டிமீட்டர்.

ஆன் பண்றதுக்கு முன்னாடி

பின்னாடி திருப்பி வோல்டேஜ் என்ன போட்டிருக்குன்னு பாருங்க. ஜப்பான் உள்நாட்டு மாடல் 100 வோல்ட்டு, அமெரிக்கா மாடல் 120. 230 வோல்ட்டு வர்ற பிளக்குல அதை நேரா சொருகினா கதை அங்கேயே முடிஞ்சுது. செலக்டர் ஸ்விட்ச் இருந்தா நல்லது, இல்லன்னா ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் விலையோட சேத்துக்கங்க.

மேல் கவர் ஸ்குரூ தலையெல்லாம் தேஞ்சு கிடந்தா யாரோ உள்ள கை வச்சிருக்காங்க. அது தப்பில்ல, பெல்ட் மாத்தியிருக்கலாம், ஆனா என்ன வேலை பாத்தாங்கன்னு கேளுங்க. "லேசர் அட்ஜஸ்ட் பண்ணினோம்"னு பதில் வந்தா காதைத் தீட்டிக்கங்க. லேசர் பவரை கூட்டுற குட்டி பொட்டென்ஷியோமீட்டர் (திருகுற கட்டுப்பாடு) ஒண்ணு பிக்கப்லயே, அதாவது லேசரும் லென்ஸும் சேந்த பாகத்துலயே இருக்கும், சாகப் போற லேசரை அதைத் திருகி கொஞ்ச நாளைக்கு ஓட வைக்கலாம், விக்கிறதுக்கு முன்னாடி பண்ற வழக்கமான வேலை அது. அப்புறம் சீக்கிரமே மொத்தமா போயிடும்.

ரிமோட் இருக்கான்னு கேளுங்க. நிறைய மாடல்ல பாட்டு நம்பர் நேரா அடிக்கிறது, வரிசை மாத்தி புரோகிராம் பண்றது எல்லாம் ரிமோட்ல மட்டும்தான் இருக்கும். டிஸ்ப்ளே மங்கலா இருக்கான்னும் ஒரு பார்வை பாத்துக்கங்க, அந்த பச்சை-நீல டிஸ்ப்ளே மங்கிப் போச்சுன்னா அதே மாடல் இன்னொண்ணை உடைச்சாத்தான் மாத்த கிடைக்கும்.

டிரேயை திறங்க, காதை கிட்ட கொண்டு போங்க

இங்க அவசரப்படாதீங்க. டிரே திறக்குறப்போ தயங்கி நின்னு அப்புறம் வருதா, பாதியில நிக்குதா, மூடினதும் திரும்ப தானா திறக்குதா? பெரும்பாலும் பெல்ட் தளந்திருக்கும், சின்ன ரப்பர் வளையம்தான், சாதாரண செலவு. இதைக் காட்டி விலை குறைச்சுப் பேசலாம், ஆனா இதுக்காக நல்ல பிளேயரை விட்டுட்டுப் போகாதீங்க. கரகரன்னு பல் தாவுற சத்தம் வந்தா மட்டும் யோசிக்கணும், பிளாஸ்டிக் கியர் விரிசல் விட்டிருக்கலாம், பெல்ட் கிடைக்கிற மாதிரி அது சுலபமா கிடைக்காது.

இப்போ ஒரிஜினல் சிடியை போட்டு மூடுங்க. டிஸ்க்கோட உள்பக்கத்துல, முதல் பாட்டுக்கும் முன்னாடி, எத்தனை பாட்டு எவ்வளவு நேரம்ங்கிற பட்டியல் இருக்கும், பிளேயர் முதல்ல அதைத்தான் படிக்குது. நல்லா இருக்குற மெஷின் டிஸ்க்கை சுத்த விட்டு சில வினாடியில பாட்டு எண்ணிக்கையை காட்டிடும். சுத்துது, நிக்குது, திரும்ப சுத்துது, டிக் டிக்னு லென்ஸ் மேல கீழ போற சத்தம், அப்புறம் ரொம்ப யோசிச்சு எண்ணிக்கை வருதுன்னா லேசரோ மோட்டாரோ களைச்சுப் போச்சு. லென்ஸ்ல வெறும் தூசியாவும் இருக்கலாம்தான், ஆனா விக்கிறவர் "தூசிதான் சார், தொடச்சா சரியாயிடும்"னு சொன்னா, தொடச்சுட்டுக் காட்டுங்க வர்றேன்னு சொல்லிடுங்க. கவரைக் கழட்டி அவரே காட்டினா ஓடுற லேசரை குனிஞ்சு பாக்காதீங்க, கண்ணுக்குத் தெரியலங்கிறதுக்காக ஒளி இல்லைன்னு அர்த்தம் இல்ல.

இதையே நாலு தடவை பண்ணுங்க. குளிர்ந்த மெஷின்ல ஒரு தடவை, அரை மணி நேரம் ஓடி சூடான பிறகு திரும்ப. சூடானதும் மக்கர் பண்ற பிளேயர் நிறைய உண்டு, அதனாலதான் "ஏற்கனவே ஆன் பண்ணி வச்சிருக்கேன் வாங்க"ங்கிற உபசரிப்பை நான் விரும்புறதில்ல, ஆஃப்ல வைக்கச் சொல்லிட்டுப் போவேன்.

அடுத்து அந்த 75 நிமிஷ டிஸ்க். சிடி உள்ளேர்ந்து வெளிய படிக்கப்படுது, உள்பக்கம் நிமிஷத்துக்கு சுமார் 500 சுத்து, வெளி ஓரத்துக்கு வர்றப்போ 200 சுத்துக்கு இறங்கும். அதனால மோட்டார் வீக்கா இருந்தா முதல் பாட்டுல தெரியும். டிஸ்க் லேசா கோணலா இருந்தாலோ, பிக்கப் நகர்ற தண்டவாளத்துல கிரீஸ் காஞ்சு போயிருந்தாலோ கடைசி பாட்டுல தெரியும். நேரா கடைசி பாட்டுக்குத் தாவுங்க, கடைசி நிமிஷம் வரை கேளுங்க, அங்கேர்ந்து முதல் பாட்டுக்கு, திரும்ப கடைசிக்கு. ஒவ்வொரு தாவலும் சில வினாடிக்குள்ள முடியணும்.

ஒரு விஷயம், சிடி-ஆர்டபிள்யூ (அழிச்சு அழிச்சு எழுதுற சிடி) போட்டுப் பாத்து பாடலன்னு பழைய பிளேயரை குறை சொல்லாதீங்க. கம்பெனி சிடி விழுற வெளிச்சத்துல 70 சதவீதத்துக்கு மேல திருப்பி அனுப்பும், சிடி-ஆர்டபிள்யூ 15லேர்ந்து 25 சதவீதம்தான். எண்பதுகள்ல வந்த மெஷினுக்கு அது கண்ணாடியாவே தெரியாது. சிடி-ஆர் மட்டும் பெரும்பாலானதுல ஓடணும்.

கீறல் சோதனை

இதை பண்றவங்க கம்மி, ஆனா ஒரு பிளேயரோட உண்மையான பலம் இங்கதான் வெளிய வரும். பழைய டிஸ்க்கோட மினுமினுப்பான பக்கத்துல, நடுவுலேர்ந்து ஓரத்துக்கு மார்க்கரால ஒரு ஆப்பு மாதிரி கோடு போடுங்க, உள்பக்கம் 1 மில்லிமீட்டர் அகலத்துல ஆரம்பிச்சு வெளி ஓரத்துல 4 மில்லிமீட்டர் வர்ற மாதிரி. காய விட்டு பிளேயர்ல போட்டு ஒவ்வொரு பாட்டா தாவிப் பாருங்க, எந்த பாட்டுல டப் டப்னு சத்தம் ஆரம்பிக்குதுன்னு குறிச்சுக்கங்க.

என்ன நடக்குதுன்னா, சிடியில எழுதுறப்பவே தகவலை கலைச்சுப் போட்டு, கூடவே திருத்துறதுக்கான தகவலையும் சேத்துத்தான் எழுதுறாங்க. கணக்குப்படி ஒரே இடத்துல கிட்டத்தட்ட 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்கு தகவல் போனாலும் முழுசா மீட்டெடுக்கலாம், ஒரு துளி கூட நஷ்டம் இல்ல. அதுக்கு மேல போனா முன்னாடி பின்னாடி இருக்குற சாம்பிளை (ஒலியை அளந்து எழுதின எண்) வச்சு நடுவுல என்ன இருந்திருக்கும்னு ஊகிச்சு நிரப்பும், அதுவும் முடியலன்னா சத்தத்தை ஒரு நொடி அமுக்கிடும். தகவலை மீட்டாலும் அந்தக் கருப்பை தாண்டுறப்போ லேசர் தடம் மாறாம நிக்கணும், அதுதான் மெக்கானிசத்தோட வேலை. அதனால 1 மில்லிமீட்டர் கோட்டுலயே தாவி ஓடுற பிளேயர்னா லேசரோ சர்வோவோ (லேசரை தடத்துல பிடிச்சு வைக்குற சர்க்யூட்டு) சரியில்ல. 2 மில்லிமீட்டர் தாண்டியும் பாடினா தைரியமா வாங்கலாம். 4 மில்லிமீட்டரும் ஒண்ணுமே இல்லாத மாதிரி பாடினா உங்க மை அகச்சிவப்பை தடுக்காம இருக்கலாம், வேற மார்க்கர்லயும் ஒரு தடவை பாத்துடுங்க.

சோதனை முடிஞ்சதும் ஈரத்துணியால நடுவுலேர்ந்து வெளிய தொடைங்க, வட்டமா தொடைக்காதீங்க. வட்டமா விழுற கீறல் தடத்தோடவே ஓடும், அதைத் திருத்துறதுதான் கஷ்டம். டிஸ்க் மேற்பரப்புல விழுற லேசர் ஒளி கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீட்டர் அகலம், உள்ள போய்த்தான் ஊசிமுனையா குவியுது, அதான் மெல்லிசா இருக்குற தூசியையும் முடி மாதிரி கீறலையும் பிளேயர் கண்டுக்கவே கண்டுக்காது.

உள்ள எந்த லேசர் இருக்கு

மாடல் நம்பரை வச்சு சர்வீஸ் மேனுவலை தேடி, பிக்கப் என்னன்னு கண்டுபிடிங்க. பிலிப்ஸோட பழைய ஸ்விங்-ஆர்ம் மெக்கானிசம், சிடிஎம்-1, சிடிஎம்-4 வகையெல்லாம், கட்டுமானத்துல அருமை, நிறைய பேரு அதுக்காகவே தேடி வாங்குறாங்க, ஆனா இப்போ புதுசா தயாரிக்கிறதே இல்ல. போச்சுன்னா இன்னொரு பழைய மெஷினை பலி கொடுக்கணும். சோனியோட கேஎஸ்எஸ் வரிசையில, குறிப்பா கேஎஸ்எஸ்-213 மாதிரி பரவலா வந்ததுக்கு மாத்து பிக்கப் இன்னும் கிடைக்குது, அதுல நகல் நிறைய, தரம் ஏறும் இறங்கும், இருந்தாலும் கிடைக்குதுங்கிறதே பெரிய விஷயம். என் கணக்குல, சாதாரண பிளேயர் + கிடைக்கிற லேசர், அபூர்வ பிளேயர் + கிடைக்காத லேசரை விட மதிப்பு ஜாஸ்தி. சேகரிக்கிறவங்க இதை ஒத்துக்க மாட்டாங்க, அவங்க கணக்கு வேற.

இப்போ சவுண்டு

சிடின்னா 16 பிட், வினாடிக்கு 44,100 சாம்பிள். அதுலேர்ந்து கிடைக்கக்கூடிய டைனமிக் ரேஞ்ச் (ரொம்ப மெல்லிசான சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளி) 96 டெசிபல் சொச்சம், மேல் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம். 1982ல வந்த சோனி சிடிபி-101ல ரெண்டு சேனலுக்கும் சேத்து ஒரே டாக் சிப் (டிஜிட்டல் எண்ணை அனலாக் சிக்னலா மாத்துறது), மாத்தி மாத்தி வேலை செஞ்சுது. பிலிப்ஸ் தன்னோட முதல் பிளேயர்ல 14 பிட் சிப்பை போட்டு நாலு மடங்கு ஓவர்சாம்ப்ளிங்ல (நடுவுல கணக்குப் போட்டு கூடுதல் சாம்பிள் சேக்குறது) 16 பிட்டுக்கு ஈடு கட்டிச்சு. அந்தக் காலத்துல வித்தியாசம் பேசுறதுல அர்த்தம் இருந்துச்சு. தொண்ணூறுகளுக்கு அப்புறம் ஓரளவு ஒழுங்கா செஞ்ச எந்த பிளேயரும் இந்த 96 டெசிபலை கிட்டத்தட்ட தொட்டுடும். அதனால "டிடிஏ1541 சிப்பு இருக்கு, அனலாக் மாதிரி பாடும்"னு விலையை ரெண்டு மடங்கு சொன்னா, சிப்பு பேருக்கு மட்டும் காசு கொடுக்காதீங்க. பிலிப்ஸோட அந்த டாக் நல்ல சிப்புதான், ஆனா அதுக்குப் பின்னாடி இருக்குற அவுட்புட் ஸ்டேஜும் பவர் சப்ளையும் சேந்துதான் உங்க காதுக்கு வருது.

ரெண்டு பிளேயரை ஒப்பிடுறீங்கன்னா முதல்ல வால்யூமை சமப்படுத்தணும், இது இல்லாம பண்ற எந்த ஒப்பீடும் குப்பை. வழக்கமா சிடி பிளேயர் அவுட்புட் 2 வோல்ட்டு, ஆனா சில கம்பெனிங்க 2.2, 2.5ன்னு வைக்குறாங்க. 2க்கும் 2.2க்கும் வித்தியாசம் 0.8 டெசிபல், சத்தம் கூடின மாதிரி காதுக்குத் தெரியாது, "தெளிவா இருக்கு, பேஸ் நல்லா இருக்கு, ஒலி பரவுற மேடை அகலமா இருக்கு"ன்னுதான் தெரியும். அந்த 400 ஹெர்ட்ஸ் டோனை போட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு ஸ்பீக்கர் முனையில அளங்க, ரெண்டு பிளேயருக்கும் ஒரே வோல்ட்டு வர்ற மாதிரி ஆம்ப் வால்யூமை வச்சுக்கங்க, ஒரு சதவீதத்துக்குள்ள வந்தா 0.1 டெசிபலுக்குள்ள வந்துட்டீங்க. மலிவான மீட்டர் 1000 ஹெர்ட்ஸ்ல தப்பா காட்டலாம், அதுக்குத்தான் 400. அப்புறம் ஒரே ஆல்பம் ரெண்டு காப்பி இருந்தா ரெண்டுலயும் ஒரே நேரத்துல ஓட விட்டு, எது எதுன்னு தெரியாம வேற யாரையாவது இன்புட் மாத்தச் சொல்லுங்க. நாள்கணக்குல சண்டை போட்ட வித்தியாசம் நிறைய இங்க காத்துல கரைஞ்சு போகும்.

கரையாம மிஞ்சுறது எதுன்னா:

இரைச்சல். மங்கி மறையுற பியானோ டிராக்கை ஹெட்ஃபோன்ல கேளுங்க, கடைசி சில வினாடிக்கு வால்யூமை ஏத்தி, டிராக் முடியுறதுக்குள்ள இறக்கிடுங்க, அடுத்த பாட்டு காதைக் கிழிச்சிடும். பியானோ ஒலி சுத்தமா கரைஞ்சு அமைதிக்குள்ள போகணும். ம்ம்ம்னு உறுமல் இருந்தா பவர் சப்ளை கெப்பாசிட்டர் வயசாயிருக்கலாம், கிரீச்சுன்னு டிஸ்க் சுத்துற வேகத்தோட மாறுற சத்தம் இருந்தா மோட்டார் கரண்ட் ஆடியோவுல கலக்குது. வெறும் மௌன டிராக்கை வச்சு இதை சோதிக்காதீங்க, முழு மௌனம் வந்தா பல பிளேயர் அவுட்புட்டையே அமுக்கிடும், எல்லாம் சுத்தமா இருக்குற மாதிரி ஏமாத்தும்.

சேனல் சமம். இடது வலது ரெண்டுலயும் அதே டோனுக்கு ஒரே வோல்ட்டு வரணும். குரல் நடுவுல நிக்காம ஒரு பக்கம் சாஞ்சா இதைத்தான் முதல்ல பாக்கணும். சத்தத்தை அமுக்கி விடுற ரிலேயோட (மின்சாரத்துல இயங்குற ஸ்விட்ச்) முனை அழுக்காயிருந்தாலும் ஒரு சேனல் வந்து வந்து போகும், அது சின்ன வேலை.

ஃபில்டர். ஓவர்சாம்ப்ளிங் இல்லாத டாக் வச்ச பிளேயரை "இதமான சவுண்டு"ன்னு விக்கிறாங்க. இதம் எங்கேர்ந்து வருதுன்னா 20 கிலோஹெர்ட்ஸ்ல சுமார் 3 டெசிபல் குறையுறதுலேர்ந்து. பிடிச்சிருந்தா வாங்குங்க, ஆனா டோன் கண்ட்ரோலை கொஞ்சம் திருப்பினாலே அந்தப் பக்கம் போயிடலாம்.

பிரீ-எம்ஃபசிஸ். எண்பதுகள்ல வந்த சில டிஸ்க்ல உயர் ஸ்வரங்களை தூக்கி எழுதியிருப்பாங்க, பிளேயர் அதை அடையாளம் கண்டு இறக்கிப் பாடணும். அப்படி ஒரு டிஸ்க் உங்ககிட்ட இருந்தா போட்டுப் பாருங்க, கூர்மையா காதைக் குத்தினா அந்த பிளேயர் இறக்கலன்னு அர்த்தம். சிடி பிளேயரா பொறந்தது பெரும்பாலும் சரியா பண்ணும், டிவிடி பிளேயரை சிடிக்கு வச்சுக்கிறவங்கதான் இதைக் கவனிக்கணும். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி இல்லாம ஓடுற கச்சேரி ஆல்பத்துல நடுவுல ஒரு வெட்டு விழுறதும் அந்த வகை மெஷின்லதான்.

விலைக்கு வருவோம்

கேக்குற விலையோட லேசர் மாத்துற செலவையும் பெல்ட் சர்வீஸையும் கூட்டுங்க, லேசர் ஏற்கனவே போச்சுன்னு நினைச்சே கூட்டுங்க. அந்த மொத்தம், உத்தரவாதத்தோட கிடைக்கிற புது சாதாரண பிளேயர் விலையை தொட்டுச்சுன்னா பழசை விட்டுடுங்க, பாதிக்குக் கீழ இருந்தா பேசலாம்.

பின்பக்கம் டிஜிட்டல் அவுட்புட் இருக்கா, கோஆக்சியலோ ஆப்டிக்கலோ? இருந்தா பின்னாடி வெளி டாக் போட்டுக்கலாம், அனலாக் பக்கம் பழுதானாலும் மெஷின் வீணாகாது. டிஜிட்டல் இன்புட் இருந்தா இன்னும் நல்லது, நாளைக்கு லேசர் செத்தாலும் உள்ள இருக்குற டாக்கை டிவிக்கோ கம்ப்யூட்டருக்கோ வச்சுக்கலாம். ஹெட்ஃபோன் குழியும் அதுக்குத் தனி வால்யூமும் இருந்தா ராத்திரி கேக்குறவங்களுக்கு அது தனி மதிப்பு. எடை கனமா இருக்குங்கிறதுக்கு நான் கொஞ்சம்தான் காசு கொடுப்பேன், நல்ல டிரான்ஸ்ஃபார்மராலயும் இருக்கலாம், அடியில வச்ச வெறும் இரும்புத் தகட்டாலயும் இருக்கலாம். தங்கமுலாம் சாக்கெட்டுக்கு ஒரு காசு கூட கூட கொடுக்க மாட்டேன்.

பிளேயர் வாங்கினது போக பணம் மிச்சம் இருந்தா ஸ்பீக்கர்ல போடுங்க, அங்க வித்தியாசம் கண்ணை மூடிட்டே தெரியும்.

வீட்டுக்குக் கொண்டு வர்றப்போ

டிஸ்க்கை வெளிய எடுத்துட்டு டிரேயை மூடிட்டுதான் பிளக்கை உருவணும். சில பழைய மாடல்ல அடியில சிவப்பா டிரான்ஸ்போர்ட் ஸ்குரூ இருக்கும், மெக்கானிசத்தை ஆடாம பூட்டுறதுக்கு, அதை இறுக்கிட்டுக் கிளம்புங்க, வீட்டுக்கு வந்ததும் கழட்ட மறந்தா பிளேயர் பாடாது, லேசர் போச்சுன்னு பதறிடாதீங்க. கூரியர்ல வர்றதா இருந்தா இந்த ஸ்குரூவைப் பத்தி விக்கிறவர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. குளிர்ச்சியான இடத்துலேர்ந்து வந்த பிளேயரை உடனே ஆன் பண்ணாதீங்க, லென்ஸ்ல பனி படிஞ்சிருக்கும், ஒரு மணி நேரமாவது அறையில சும்மா வச்சிருந்துட்டு அப்புறம் முதல் டிஸ்க்கைப் போடுங்க.